எக்ஸ்ரே பாய்

குவைத்தில், ஃபஹாஹீலில் கடல் பக்கம் இறங்குகிற சந்து ஒன்றில் எங்கள் கார்கோ கடை இருந்தது. ஊருக்குப் பெட்டி அனுப்புகிறவர்கள் சாமான்களை அடுக்கி, டேப் சுற்றி, மேலே மார்க்கரில் பேரும் ஊரும் எழுதி, கல்யாணச் சீர் கொண்டு வருகிற பெருமையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். கடையில் பெட்டிகளைச் சோதிக்கிற பாய் வாயே திறக்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து டேப்பை ஒரே இழுப்பில் கிழித்துவிடுவார். லீவு நாள் முழுக்க உட்கார்ந்து கட்டியவனுக்கு வயிறு எரியும். நான் என்ன கடத்தலா பண்ணுகிறேன் என்று எவனாவது கேட்டால், "நீ பண்ணமாட்டே. அதான் பிரிக்கிறேன்" என்பார்.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதிரில் பாய், முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரே பாய். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். ஒல்லியான உடம்பு, எப்போதும் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை. நான் புதுக்கோட்டைப் பக்கம். பெட்டிக்குள் இருப்பதை அவர் எடுத்து எடுத்துச் சொல்ல, லிஸ்ட் எழுதுவது என் வேலை. கடை ஒரு குவைத்தியின் பேரில் இருந்தது. எங்களுக்கு விசா கொடுத்த அந்தக் கஃபீல் ஒரு தடவை எங்களுக்கென்று பேரீச்சம்பழப் பெட்டி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். அதையும் பாய் பிரித்து, ஒவ்வொரு பழமாகப் பிதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தின்னக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லீவில் ஊருக்குப் போகிறவர்களும் கைச்சாமானைக் கொண்டு வந்து அவரிடம் காட்டிவிட்டுத்தான் ஏர்போர்ட் போவார்கள். திட்டிக்கொண்டேதான் வருவார்கள், ஆனாலும் வருவார்கள்.

பால்பவுடர் டின் என்றால் ஆட்டிப் பார்ப்பார். தைலப் பாட்டில் என்றால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். மங்காஃபில் டிரைவர் வேலை பார்த்த ஒருவர் மகளுக்கென்று பெரிய கரடி பொம்மை ஒன்று கொண்டு வந்தார். பாய் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வயிற்றுக்குள் என்னமோ கட்டியாகத் தட்டுப்பட்டது. அவ்வளவுதான், கத்தி இறங்கிவிட்டது. உள்ளே பேட்டரி போட்டுப் பாடுகிற சின்ன டப்பா. டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் மேசை டிராயரிலிருந்து ஊசி நூல் எடுத்துத் தானே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். அழகாகத்தான் தைத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். மகள் கேட்டால் கரடிக்கு அப்பெண்டிஸ் ஆபரேஷன் நடந்தது என்று சொல்லுங்கள் என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கத்தியை மட்டும் யாரிடமும் தரமாட்டார். நான் ஒருநாள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கை நீட்டினேன். "கெட்டவன் பெட்டிய நான் தேடுறதில்ல, தம்பி" என்றார். "அவனுக்கு எங்க ஒளிக்கணும்னு தெரியும். நல்லவங்க பெட்டிதான் ஆளக் கொல்லும். பாசத்துல என்னத்தையாவது வச்சு விட்டுருவாங்க. உனக்கு அதெல்லாம் கண்ணுல படாது."

இதற்கு அவர் ஒரு கதை வைத்திருந்தார். கடைக்குப் புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வார். சவூதியில் ஜுபைலில் ஒரு பையன் பிளாண்டில் வேலை பார்த்தானாம். முதல் லீவு முடிந்து திரும்பும்போது அவன் உம்மா, மகன் காம்பில் தானே பொங்கித் தின்கிறானே என்று குருமாவுக்கு மசாலா சாமான் கட்டிக் கொடுத்தாளாம். அதில் ஒரு பொட்டலம் கசகசா. நம் ஊரில் மளிகைக் கடையில் கேட்டால் பேப்பரில் மடித்துக் கொடுக்கிற சாமான். அங்கே அது அபின் செடியின் விதை. ஏர்போர்ட்டில் பொட்டலத்தைப் பிரித்தவன் கண்ணுக்கு மசாலாவா தெரியும்? பையனைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார்கள். பல மாசம். "அந்தப் பொம்பள மேல தப்பு சொல்ல முடியுமா? பெத்தவ அவ" என்று முடிப்பார்.

எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். எவனோ ஒரு பையன் கதையில், ஜெயிலில் கொடுத்த ரொட்டி ஓரம் கருகியிருந்தது வரைக்கும் இவருக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் கேட்டேவிட்டேன். அந்தப் பையன் நீங்கள்தானே பாய் என்று. அவர் மறுக்கவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, உம்மாவுக்கு இன்றுவரை தெரியாது என்றார். பாலைவனத்தில் சைட், போன் கிடையாது, லெட்டரும் போகாது என்று கூட இருந்தவர்களை விட்டுச் சொல்லச் சொல்லியிருந்தாராம். தான் கட்டிக் கொடுத்த பொட்டலத்தால் மகன் ஜெயிலுக்குப் போனான் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள் என்றார்.

அதற்காக, ஜெயிலிலிருந்து விட்டதும் வேறு விசா பிடித்து நேரே இங்கே வந்து, இத்தனை வருஷமாக ஊருக்கே போகாமல் இருக்கலாமா? அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. தங்கைகள் கல்யாணத்துக்குக்கூட எல்லாம் செய்து அனுப்பினாரே தவிர, தான் போகவில்லை. போனால் உம்மா முகத்தைப் பார்க்கவேண்டும், அந்த மாசங்களில் எங்கே இருந்தாய் என்று கேட்பாள், எனக்கு அவளிடம் பொய் சொல்ல வராது என்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் கார்டு போட்டுப் பேசுவார். பக்கத்தில் நிற்கிற எனக்கும் கேட்கும். அங்க வெயிலா, இங்க வெயில். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். எப்போ வர்றே, பாக்கலாம் உம்மா. இதற்கு மேல் ஒரு வாரமும் பேச்சு நகர்ந்ததில்லை.

இப்படிப்பட்ட மனுஷனிடம்தான் அந்த வெள்ளைக்காரக் கிழவர் வந்து மாட்டினார்.

இராக்கில் சண்டை வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். விஷவாயு வரும், ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஒட்டுங்கள் என்று சொல்லி, பெட்டி ஒட்டுகிற டேப்பைக் கேட்டுக்கூட எங்கள் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். ஜன்னலுக்குத்தானே, வேறெதற்கும் இல்லையே என்று பாய் அவர்களையும் விசாரிப்பார். அந்தக் களேபரத்தில் அஹ்மதியிலிருந்து ஒரு பழைய காரில் கிழவர் வந்து இறங்கினார். எண்ணெய்க் கம்பெனி ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். காருக்குள் மூன்று இரும்புப் பெட்டிகள். நான் இங்கிலாந்துக்கா சார் என்று கேட்டுவிட்டேன். மூஞ்சி சுண்டிப்போய்விட்டது. நான் இங்கிலீஷ்காரன் இல்லை, வேல்ஸ்காரன் என்றார். இதை மொழிபெயர்த்ததும் பாய்க்கு அவர்மேல் லேசாக ஒரு இரக்கம் வந்தது. நம்மையும் இங்கே எல்லாரும் ஹிந்தி என்றுதானே கூப்பிடுகிறார்கள் என்றார். அந்த இரக்கம் பெட்டியைத் திறக்கும் வரைக்கும்தான்.

உள்ளே பூராவும் காகிதம். சிவப்பு நாடா கட்டிய கடிதக் கட்டுகள், தோல் அட்டை போட்ட டைரிகள், குத்தகைக் கணக்குகள். கிழவரின் முன்னோர்கள் அந்த ஊரில் பெரிய பண்ணைக்காரர்களாம். மலையடிவாரத்தில் மாளிகை, சுற்றிலும் ஏகப்பட்ட நிலம், குத்தகைக்காரர்கள். எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் வீட்டையும் விற்றபோது இந்தக் காகிதம்தான் இவர் பங்குக்கு வந்ததாம். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. சண்டை வந்து எரிந்து போவதற்குள் ஊரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட வேண்டும், அவர்கள் வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள் என்றார்.

பாய் நம்பவில்லை. பழைய பேப்பரைக் கப்பலில் போட்டு அனுப்புகிறவன் எவனாவது உண்டா, உள்ளே வேறு என்னமோ இருக்கிறது என்று என் காதில் சொன்னார். கிழவரும் எங்களை நம்பவில்லை. நாற்காலியை மேசை ஓரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாய் ஒரு கடிதக் கட்டை எடுத்தால் கிழவர் பாதி எழுந்திருப்பார். கிழவர் பாக்கெட்டில் கைவிட்டால் பாய் நிறுத்திவிடுவார். நடுவில் உட்கார்ந்து நான் லிஸ்ட் எழுதுகிறேன். சம்பந்தி சண்டையில் மாட்டிக்கொண்ட தரகன் கதிதான்.

அந்த வேலை முடிய நாலைந்து நாள் ஆனது. எனக்கு அந்தக் காகிதங்களைப் பிடித்துப்போனது, பொய் சொல்வானேன். சில கடிதங்களில் தாள் முழுக்க எழுதிவிட்டு, தாளைக் குறுக்கே திருப்பி, எழுதியதன் மேலேயே மறுபடியும் எழுதியிருந்தார்கள். தபால் செலவை மிச்சம் பிடிக்கவாம். அவ்வளவு பெரிய மாளிகைக்காரர்களுக்கு இந்தப் புத்தி எப்படி வந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பாய்க்கோ அது ரகசிய எழுத்து. ஒரு அம்மாளின் டைரியில் தினமும் முதல் வார்த்தை மழை. மழை, பாதிரியார் வந்தார். மழை, பிளம் பழ ஜாம் செய்தோம். மழை, சாம்பல் குதிரைக்கு உடம்பு சரியில்லை. பாய் என்னைப் பக்கம் பக்கமாகப் படிக்க வைத்துக் கேட்டார். எந்த ஊரில் தினம் மழை பெய்கிறது, இது ஏதோ சங்கேதம் என்றார். எங்கள் ஊரில் பெய்யும் என்றார் கிழவர். இருவரும் ஒருவரையொருவர் வெகு நேரம் முறைத்துக்கொண்டார்கள்.

கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு தையல் சாமான் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரே ஒரு கடிதம். உறை கிடையாது; தாளையே மடித்து மேலே சிவப்பு அரக்கு வைத்திருந்தார்கள். அரக்கு உடையவில்லை. பாய் கை நீட்டுவதற்குள் கிழவர் அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

இதைத் திறக்கக்கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன். சொன்னார். டைரி எழுதிய அந்த அம்மாளின் மூத்த மகன், குத்தகைக்காரர் ஒருவரின் மகளைக் கட்டிக்கொண்டான். அந்த அம்மாள் இனி நீ என் மகன் இல்லை என்று அனுப்பிவிட்டாள். அவன் மனைவியோடு கப்பல் ஏறிப் போனான். கொஞ்ச காலம் கழித்து இந்தக் கடிதம் வந்தது. அவள் பிரிக்கவில்லை, எறியவும் இல்லை. தையல் பெட்டியில் போட்டு மூடினாள். சாகும்போது, யாரும் இதைப் பிரிக்கக்கூடாது என்று மற்ற பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அந்தச் சத்தியம் கை மாறி வந்தது. உள்ளே சாபம் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். சொத்தில் பங்கு கேட்டிருப்பான், பிரித்தால் வீடு போய்விடும் என்று கிழவரின் அப்பா பயந்தாராம். வீடு எப்படியும் போய்விட்டது என்று சொல்லிக் கிழவர் சிரித்தார். ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை. தன் அம்மாவுக்குத் தானும் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

பிரிக்காத சாமான் என் கடை வாசலைத் தாண்டாது என்றார் பாய். அப்படியானால் கையில் கொண்டுபோகட்டுமே என்று நான் கேட்டேன். கிழவர் தான் போகவில்லை என்றார். போக அங்கே வீடு இல்லை, ஆளும் இல்லை, சண்டை வந்தாலும் இங்கேதான் என்றார். வேறு கம்பெனிக்குப் போனால் அங்கேயும் பிரிப்பார்கள், எவன் பிரிக்கிறான் என்றுகூடத் தெரியாது. இங்கே உங்கள் முகமாவது தெரிகிறது என்றார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. பாயைப் பார்த்தேன். விட்டுவிடுங்களேன் பாய் என்று தமிழில் கெஞ்சினேன்.

பாய் கொஞ்சம் இறங்கி வந்தார். பிரிக்காமல் பார்க்கிறேன், கையில் கொடுக்கச் சொல் என்றார். கிழவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். பாய் அதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், விரலால் தடவினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக ஆட்டினார்.

உள்ளே சரசரவென்று சத்தம். பொடிப்பொடியாக என்னமோ காகித மடிப்புக்குள் ஓடுகிற சத்தம். எனக்கும் கேட்டது. பாயின் முகம் வெளுத்துவிட்டது. "கசகசா" என்றார். அந்தச் சத்தத்தை அவர் எத்தனை வருஷமாகக் காதில் வைத்திருந்தாரோ, நான் வேண்டாம் பாய் என்று சொல்வதற்குள் கத்தி அரக்குக்கு அடியில் போய்விட்டது.

அரக்கு இரண்டாக உடைந்தது. மேசைமேல் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி கொட்டியது. பாய் விரலால் தொட்டு, உற்றுப் பார்த்து, நசுக்கினார். நசுங்கவில்லை. மணல்.

அந்தக் காலத்தில் மை காய்வதற்கு எழுத்தின் மேல் மணல் தூவுவார்களாம். தட்டிவிட்டது போக மிச்சம் மடிப்பில் தங்கிவிடும். கிழவர் இதைச் சொல்லிக்கொண்டே உடைந்த அரக்குத் துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். கோபமாகக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குப் பாயை அறைந்துவிடலாம் போல இருந்தது. கருமணலைக் கசகசா என்று சொல்லி, எத்தனையோ பேர் கட்டிக் காத்ததை ஒரு நொடியில் கெடுத்துவிட்டாரே இந்த மனுஷன். பாய் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் நின்றார்.

கிழவர் கடிதத்தை மறுபடி மடிக்கப் பார்த்தார். ஆனால் திறந்து கிடக்கிற கடிதத்தில் கண் விழாமல் இருக்குமா? நின்றபடியே படித்தார். சின்னக் கடிதம்தான். படித்து முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சாபமா சார் என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். சொத்தா என்றேன். அதற்கும் ஆட்டினார். பிறகு மெல்லச் சொன்னார். அதை நான் பாயிடம் சொன்னேன்.

"வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டிருக்கான் பாய். பதில் வரலைன்னா, வரவேண்டாம்னு அர்த்தம் எடுத்துக்கிறேன்னு எழுதியிருக்கான்."

பாய் ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, மேசைமேல் கிடந்த மணலை ஓரமாகக் கூட்டிச் சேர்த்தார். எங்கள் கடை மேசையில் எப்போதும் மணல் உண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் வந்து படியும். இரண்டும் கலந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் மடித்து, கடிதத்தோடு தையல் பெட்டிக்குள் வைத்தார். தான் மன்னிப்புக் கேட்பதாகக் கிழவரிடம் சொல் என்றார் என்னிடம். சொன்னேன். கிழவர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை என் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா காலத்திலேயே யாராவது செய்திருக்க வேண்டும் என்றார். பெட்டிகள் மறுநாள் போயின. காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு தகவலும் வந்தது.

கடிதத்தைப் பிரித்த அன்று கடை சாத்தும்போது பாய் கேட்டார். "அந்தம்மா பதில் எழுதியிருக்கலாம்ல?"

"பிரிக்கவே இல்லையே பாய். அவன் என்ன கேட்டான்னே அதுக்குத் தெரியாதே."

பாய் அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். டிக்கெட் கிடைக்காத நேரம், எப்படியோ பிடித்தார். சண்டைக்குப் பயந்து ஓடுகிறார் என்று சந்தே பேசியது. நானும் அப்படியே பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கையில் ஒரே ஒரு சின்னப் பை. அதையும் தானே எங்கள் மேசைமேல் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

சண்டை வந்து போனது. சைரன் ஊதும்போதெல்லாம் நான் பாயின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏற ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவர் திரும்பி வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். தோளில் துணியில் வைத்துத் தைத்த ஒரு மூட்டை. ஏர்போர்ட்டில் மெஷினில் மட்டும் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள் என்றார். அதை மேசைமேல் வைத்துவிட்டு, பழைய பழக்கம், நூலைக் கத்தியால் அறுத்தார். கருவாடு, அரிசி மாவு, ஒரு பாட்டில் ஊறுகாய், கடைசியில் மசாலாப் பொட்டலங்கள்.

உம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"போன அன்னைக்குக் குருமா வச்சுக் குடுத்துச்சு. தண்ணியா இருந்துச்சு, பழைய ருசியே இல்ல. என்ன உம்மா இப்படின்னு கேட்டேன். கசகசா போடுறதில்லப்பான்னுச்சு. ஏன்னேன்." பாய் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "நீ உள்ள இருந்தப்பவே எனக்குத் தெரியும்னுச்சு, தம்பி. அன்னையிலருந்து இந்த வீட்டுக்குள்ள அது வந்ததில்லையாம். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்னுச்சு."

ஊரான் பெட்டியை எல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன், உம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வெயிலையும் சாப்பாட்டையும் பேசிக்கொண்டிருந்த அம்மாவை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார். புதுப் பெட்டி, நாலு பக்கமும் டேப், மேலே பெரிய எழுத்தில் அவர் அம்மாவின் பேர். பாய் கத்தியை எடுத்தார். பெட்டிமேல் இருந்த பேரைப் படித்தார். டேப்பின் மேல் கத்தியை வைத்தார், எடுத்தார்.

"பாக்காம அனுப்பக் கூடாது" என்றார். பிறகு கத்தியின் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். "நீ பிரி, தம்பி."